மோர் டம்ளரைத் தூக்கிய கை

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான். ஜன்னலோரம் நாற்காலியில் என் சம்சாரம். அவளுக்கு வலப்பக்கம் ஸ்டூலில் நான். மேசைக்கு எதிர்ப்பக்கம் கம்ப்யூட்டரோடு ஆராய்ச்சி செய்கிற பெண். அவள் நாற்காலிக்குப் பின்னால், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவளுடைய பேராசிரியர். சுவரில் சாய்ந்தபடி பிசியோதெரபி பார்க்கிற தம்பி. கதவுப் பக்கத்தில், அவிநாசியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்த என் கொழுந்தியா, மடியில் மோர் ஊற்றிய தூக்குப்போசியோடு. வேறு ஆள் இல்லை. அந்த அறையை நான் மனதுக்குள் எத்தனையோ முறை சுற்றி வந்துவிட்டேன். அங்கே நடந்தது இன்னதென்று தெரிந்திருக்கக் கூடியவர்கள் அதில் இரண்டு பேர். ஒருத்தி இப்போது இல்லை. இன்னொருத்தியிடம் நான் கேட்டுவிட்டேன்.

எங்களுக்குச் சிங்காநல்லூர் பக்கம் ஒரு மாவு மில். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு இன்னொருவர் மில்லில் மூட்டை தூக்கப் போனவன், கடைசியில் சொந்தமாக ஒரு மில் வைத்தேன். அதை நடத்தியவள் அவள். நான் கவலைப்படுவேன், அவள் வேலை பார்ப்பாள். ஷட்டரைப் பூட்டிவிட்டு வீடு வரைக்கும் வந்து, மறுபடி போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான்.

"போங்க, போயி இன்னொருக்கா ஆட்டிப் பாத்துட்டு வாங்க. உங்களுக்குப் பயந்துட்டு அது தானாத் தொறந்துக்கும்" என்பாள்.

மெஷின் ஓடும்போது மாவு விழுகிற வாயில் ஒரு நீளத் துணிக்குழாய் கட்டியிருக்கும். காற்று நிறைந்து அது ஒரு பெரிய கை மாதிரி விறைத்து நிற்கும். மெஷினை நிறுத்தினால் மெல்லத் தொய்ந்து தொங்கும். துணியில் ஒட்டியிருக்கிற மாவு விழ வேண்டுமென்று அவள் அதை இடது கையால் தட்டிக்கொண்டே இருப்பாள். வாடிக்கைக்காரர்களிடம் பேசும்போதும் அந்தக் கை மட்டும் தன் பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருக்கும்.

ஒருநாள் காலையில் ராகி ஓடிக்கொண்டிருந்தது. தட்டுகிற சத்தம் நின்றது. நான் மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தவன் திரும்பிப் பார்த்தேன். அவள் நின்றுகொண்டுதான் இருந்தாள். இடது கையை வலது கையால் தூக்கிப் பிடித்து, கடையில் பார்த்த சாமானைப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க," என்றாள், "இது எம்பட கைதானுங்களா?"

அப்புறம் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. மெஷினை நிறுத்தினேனா இல்லையா என்றுகூட எனக்கு நினைவில்லை. ஆம்புலன்ஸில் போகும்போது அதை நினைத்துத்தான் கவலைப்பட்டேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது. மனசு எதையாவது பிடித்துக்கொண்டு தொங்குகிறது.

பிழைத்துக்கொண்டாள். பேச்சு வந்தது, கால் வந்தது, தாங்கித் தாங்கி நடந்தாள். இடது கை வரவில்லை. ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கிற தம்பிதான் சொன்னான், இன்ஜினியரிங் காலேஜில் ஒரு பெண் இதற்காகவே ஒரு கருவி செய்து ஆராய்ச்சி பண்ணுகிறாள், சேர்ந்துகொள்கிறீர்களா என்று. எனக்கு முதலில் பயம். கரண்ட் பிடிக்குமா? கையை முறித்துவிடுமா? அவள் என்னைக் கேட்கவே இல்லை. "சேந்துக்கறமுங்க தம்பி" என்று சொல்லிவிட்டாள். இல்லையென்று சொல்ல அவளுக்கு வராது. எங்கள் பக்கத்தில் பலருக்கும் வராது.

அந்தப் பெண் தூத்துக்குடிப் பக்கம். எங்களுடைய நிலைமையைப் பார்த்துக் குறித்துக்கொள்ள முதல் தடவை வீட்டுக்கு வந்தாள். என் சம்சாரம் அவளை "டாக்டரம்மா" என்றாள்.

"ஐயோ, நான் அந்த டாக்டர் இல்லக்கா. ஊசியெல்லாம் போடத் தெரியாது. இத முடிச்சாத்தான் எம்பேருக்கு முன்னால டாக்டர்னு போடுவாவ."

"அப்ப நாங்க கையத் தூக்குனாத்தான் நீ டாக்டரு. செரி, தூக்கிப்போடலாம். காப்பி வெக்கட்டுமா கண்ணு?"

"வேண்டாம்க்கா. நான் காப்பி குடிக்கதில்ல."

என் சம்சாரத்தின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். அந்தப் பெண் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போகிற வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. அப்புறம், "மூஞ்சிக்கு நேரா வேண்டாமுன்னு போட்டா பாருங்க" என்றாள். கோபமில்லை, அதிசயம். அடுத்த தடவை அவள் வந்தபோது விடவில்லை.

"ஏங்கண்ணு, எங்கூர்ல வேண்டாமுன்னு சொல்லப்படாது. 'அப்பறமா குடிச்சுக்கறேனுங்க'ன்னு சொல்லோணும். நாங்க புரிஞ்சுக்குவோம்."

"நெசமாவே அப்புறமா வேணும்னா என்ன சொல்லணும்க்கா?"

"அப்பவும் அதேதான். நாங்க மொகத்தப் பாத்துக் கண்டுபுடிச்சுக்குவோம்."

அந்தப் பெண் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். "ஒங்க ஊருல மெஷினுக்கே கொழப்பம் வந்துரும்க்கா" என்றாள்.

கருவி என்றால் கறுப்புத் துணிக் கையுறை ஒன்று, ஒவ்வொரு விரலின் மேலும் ஒரு ரப்பர் குழாய், எல்லாம் ஒரு பெட்டியில் போய்ச் சேரும். பெட்டியிலிருந்து குழாய்க்குள் காற்று போனால் விரல்கள் மடங்கும். 'உஸ்' என்று காற்று வெளியேறினால் நிமிரும். காலேஜில் முழங்கைக்கு அடியிலும் ஒரு காற்றுப்பை உண்டு, அது உப்பினால் கை வாய் வரைக்கும் எழும்பும். முழங்கைக்குக் கீழே வட்டமாகச் சில ஸ்டிக்கர்களை ஒட்டுவாள். மூளை சொன்னது தசைக்குத் துளியாவது வந்து சேர்ந்தால் கம்ப்யூட்டரில் கோடு எழும்பும். கோடு எழும்பினால் மெஷின் துணைக்கு வந்து மிச்ச வேலையைச் செய்யும். சிலநாள் வேறு மாதிரி. கோடு எழும்பினாலும் எழும்பாவிட்டாலும் மெஷின் தானே கையை மடக்கி நிமிர்த்தும். எந்த நாள் எந்த மாதிரி என்று எங்களிடம் சொல்ல மாட்டாள். சொன்னால் ஆராய்ச்சி கெட்டுவிடுமாம்.

ஒவ்வொரு தடவையும் முடிந்த பிறகு ஒரு கேள்வி கேட்பாள். "அக்கா, இன்னைக்குக் கைய நீங்க அசச்ச மாதிரி இருந்துச்சா, மெஷின் அசச்ச மாதிரி இருந்துச்சா?"

"நாந்தானுங்க" என்பாள் என் சம்சாரம். ஒரு நாள்கூட மாற்றிச் சொன்னதில்லை.

இப்போது அந்த மோர் நாளுக்கு வருகிறேன். பேராசிரியர் நேரில் பார்க்க வந்திருந்தார். வெறும் டம்ளரைப் பிடிக்க வைக்கலாமென்றுதான் ஏற்பாடு. கொழுந்தியாதான், "வெறும் டம்ளர எதுக்குங்க தூக்கறது? அக்காவுக்கு மோருன்னா உசுரு" என்று போசியிலிருந்து பாதி டம்ளர் ஊற்றி வைத்தாள். பேராசிரியர் சிரித்துக்கொண்டு தலையாட்டினார்.

கறுப்பு விரல்கள் மெல்ல மடங்கி டம்ளரைச் சுற்றிக்கொண்டன. கை மேசையை விட்டு எழும்பியது. நடுங்கியது. மோர் கொஞ்சம் சேலையில் சிந்தியது. வாய்க்குப் போனது. குடித்தாள். டம்ளரைத் திரும்ப மேசையில் வைத்தாள். காற்று வெளியேறி விரல்கள் திறந்தன. எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். கொழுந்தியா அழுதாள். பேராசிரியர் குனிந்து, "நீங்களே தூக்கினீங்களாம்மா?" என்றார்.

"ஆமாங்க சார். நாந்தானுங்க."

அந்தப் பெண் மட்டும் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கைதட்டினாளா என்பது எனக்கு இப்போதும் சரியாக நினைவில்லை. அதைத்தான் அடிக்கடி தேடிப் பார்க்கிறேன். கண்ணை மூடினால் எல்லார் கையும் தெரிகிறது, அவள் கை தெரிய மாட்டேன் என்கிறது.

ஆட்டோவில் திரும்பும்போது கேட்டேன். "நெசமாலுமே நீதான் தூக்குனியா அம்மணி?"

அவிநாசி ரோட்டில் மேம்பாலத்துக்குக் கீழே சிக்னலில் நின்றிருந்தோம். அவள் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "அத்தன பேரு வந்து நின்னுட்டு இருக்காங்க. அந்தப் புள்ள மொகத்த வேற பாக்கோணும். இல்லீங்கன்னு சொல்றதுக்கு வாய் வருமுங்களா?"

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் சிரிக்க ஆரம்பித்தாள். வாய் இன்னும் ஒரு பக்கம் கோணித்தான் இருந்தது. அந்தச் சிரிப்பை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"வெளையாடாத, சொல்லு."

"எதுக்குங்க இப்படி நோண்டறீங்க? தூக்குனனா, குடிச்சனா? வவுத்துக்குள்ள போன மோரு கேக்குதுங்களா, யாரு தூக்குனதுன்னு?"

அதற்கு மேல் அவளிடமிருந்து ஒன்றும் வாங்க முடியவில்லை.

எனக்கு அன்றிலிருந்து ஒரு புதுக் கவலை. இவள் மரியாதைக்குச் சொன்ன பதிலையெல்லாம் நம்பி எழுதி, அந்தப் பெண்ணின் படிப்பு வீணாகப் போய்விட்டால்? போன் பண்ணி, சுற்றி வளைத்து, எங்கள் வீட்டில் எதைக் கேட்டாலும் ஆமாம் என்றுதான் வரும், பார்த்து எழுது கண்ணு என்றேன்.

அவள் சிரித்தாள். "எனக்குத் தெரியும்ண்ணா. இங்க வாற எல்லாருமே அப்படித்தான் சொல்லுதாங்க. வலிக்குதான்னு கேட்டா, 'அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க'ங்காங்க, கண்ணுல தண்ணி நிக்கும். அதான் கோடு தனியா பதிவாகும். பதிலும் கோடும் ஒத்துப்போகுதான்னு அப்புறம் பாப்பேன்."

அந்த மோர் நாளில் கோடு என்ன சொன்னது என்று அப்போதே கேட்டிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆராய்ச்சி முடிகிறவரை சொல்லக் கூடாது என்பாள் என்று நானே நினைத்துக்கொண்டு, "செரி கண்ணு, வெச்சறட்டுமா" என்றேன். அப்போது அவசரம் ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

அடுத்து வீட்டிலேயே பயிற்சி செய்கிற கட்டம். கையுறையையும் பெட்டியையும் கொண்டுவந்து வைத்தாள். காலையில் ஒரு தடவை, விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஒரு தடவை, பெட்டி தானே ஆரம்பித்துத் தானே நிற்கும். சார்ஜ் போடுவது என் பொறுப்பு. தவறாமல் போட்டேன். போட்டுவிட்டு, பச்சை விளக்கு எரிகிறதா என்று எழுந்து எழுந்து பார்த்தேன். இடையிடையே காலேஜுக்கும் வர வேண்டும். அதற்கு ஆட்டோ செலவு, தடவைக்கு முந்நூறு ரூபாய், ஆராய்ச்சிக் கணக்கிலிருந்து முன்பணமாகவே ஒரு கவரில் போட்டுத் தந்திருந்தாள்.

கவரில் பாக்கி இருக்கும்போதே பக்கவாதம் இரண்டாவது தடவை வந்துவிட்டது. இந்த முறை அவள் எதுவும் கேட்கவில்லை. மத்தியானம் படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

ஐ.சி.யூ.வில் கொஞ்ச நேரம்தான் உள்ளே விட்டார்கள். கண் மூடியிருந்தது. மூச்சை மெஷின் விட்டுக்கொண்டிருந்தது. அதுவும் 'உஸ்' என்றுதான். கட்டிலுக்கு இடப்பக்கம்தான் நிற்க இடம் இருந்தது. உள்ளங்கை மேலே பார்த்தபடி அந்த இடது கை கிடந்தது. கையுறை இல்லை, குழாய் இல்லை. என் சுண்டுவிரலை அதில் வைத்தேன். விரல்கள் மடங்கின. என் விரலைப் பிடித்துக்கொண்டன. மெதுவாக, ஆனால் பிடித்துக்கொண்டன.

நர்ஸைக் கூப்பிட்டேன். அவள் பார்த்துவிட்டு, "அது தானா மூடிக்கறதுங்கண்ணா. பொறந்த கொழந்தைக் கைல வெரல வெச்சாப் புடிச்சுக்குமில்லீங்க, அந்த மாதிரி. அவங்களுக்குத் தெரிஞ்சு பண்றதில்லீங்க" என்றாள். நல்ல பெண். தெரிந்ததைச் சொன்னாள்.

மறுநாள் எல்லாம் முடிந்தது.

அதிலிருந்து எனக்கு இருக்கிறது ஒரே கேள்விதான். மோர் டம்ளரைத் தூக்கியது அவள் என்றால், அவள் சொன்னது அந்தக் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது, வழி திறந்திருக்கிறது. அப்படியானால் என் விரலைப் பிடித்ததும் அவளாக இருக்கலாம். போய்ட்டு வாரேனுங்க என்று சொல்லியிருக்கலாம். டம்ளரைத் தூக்கியது காற்று என்றால், என் விரலைப் பிடித்தது யாருமே இல்லை.

காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாரும் கிளம்பிய அன்று சாயங்காலம், நான் உள்ளறையில் உட்கார்ந்திருந்தேன். அலமாரிக்குப் பக்கத்தில், அவளுடைய துணிகளுக்கு மேலே, 'உஸ்' என்று கேட்டது.

கையுறை மெதுவாக மடங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஒன்றும் இல்லாமல். ஐந்து விரலும் எதையோ பிடிப்பது மாதிரி மடங்கி, கொஞ்ச நேரம் நின்று, காற்றை விட்டு நிமிர்ந்தன. மறுபடி மடங்கின. விரல் நுனிகள் அடியில் இருந்த சேலையை ஒவ்வொரு தடவையும் லேசாகத் தட்டின. நான் பயப்படவில்லை என்று சொன்னால் பொய். எழுந்து ஓடவும் இல்லை. பெட்டி தன் நேரம் முடிந்து தானே நிற்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெட்டியில் அந்தப் பெண் போட்டுக்கொடுத்த நேரம் அது, வேறொன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் அன்றைக்குப் படுக்கப் போகும்போது அதற்குச் சார்ஜ் போட்டேன். மறுநாளும் போட்டேன். பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் படுத்தேன்.

மில்லை மறுபடி திறந்தேன். விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன்னால் ஷட்டரை இழுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். பூட்டைத் திரும்பிப் போய்ப் பார்ப்பதுகூட இல்லை.

ஒருநாள் கொழுந்தியா சாப்பாடு கொண்டுவந்தவள் அதைப் பார்த்துவிட்டாள். கையிலிருந்த போசி கீழே விழுந்தது.

"மாமா! மொதல்ல அத நிறுத்துங்க!"

"டைம் வெச்சிருக்குது கண்ணு. தானா நின்னுக்கும்."

"சார்ஜு எப்படி நிக்குதுங்க இத்தன நாளைக்கி?"

அவள் என்னைப் பார்த்தாள், சுவரிலிருந்த ஒயரைப் பார்த்தாள், எல்லாம் புரிந்துகொண்டாள். தரையில் சிந்தின ரசத்தைத் துடைத்துக்கொண்டே, "ஒரு எலுமிச்சம்பழத்தயாவது அறுத்து வெக்கோணுமுங்க" என்றாள். கொஞ்சம் கழித்து, குரல் இறங்கி, "அக்கா இப்படித்தானுங்க தட்டும், அந்தத் துணிக்கொழாய" என்றாள். அதற்கப்புறம் அவளும் நிறுத்தச் சொல்லவில்லை. அன்றைக்கு அது ஓய்கிறவரை இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். அவள்தான் பிறகு வெளியே போய் அந்தப் பெண்ணுக்குப் போன் பண்ணினாள் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் மறுநாளே போன் வந்திருக்காது.

"அண்ணா, பெட்டிய எடுத்துக்க வாரேனுங்க. எப்ப வந்தா உங்களுக்குத் தோதுப்படும்?"

குரல் அவளுடையதுதான். பேச்சு எங்கள் பேச்சாக இருந்தது. இத்தனை மாதம் எங்கள் ஆட்களோடேயே பழகிப் பழகி அவளுக்கே தெரியாமல் மாறியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தாள். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, என் சம்சாரம் உட்காருகிற நாற்காலியைத் தவிர்த்து இன்னொன்றில் உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்தவளுக்கு என்ன கொடுப்பது என்று தெரியாமல், "காப்பி வெக்கட்டுமா கண்ணு?" என்று கேட்டுவிட்டு, அடுத்த நொடியே அவள் குடிக்க மாட்டாளே என்று நாக்கைக் கடித்தேன்.

"வெய்யுங்கண்ணா" என்றாள்.

இரண்டு டம்ளரில் கொண்டுவந்து வைத்தேன். அவள் ஒன்றை எடுத்து ஒரு வாய் குடித்தாள். "நல்லா இருக்குதுங்க" என்றாள். அப்போதுதான் கேட்டேன்.

"கண்ணு, அந்த மோர் குடிச்ச அன்னைக்கி. அவ தூக்குனாளா, மெஷின் தூக்குச்சா? உங்கிட்டக் கோடு இருக்குமில்ல?"

அவள் பையிலிருந்து கம்ப்யூட்டரை எடுத்து மடியில் வைத்துத் திறந்தாள். தேடினாள். ஒரு பக்கம் வந்ததும் நின்றாள். நானும் எட்டிப் பார்த்தேன். நீலத்தில் ஒரு கோடு, சிவப்பில் ஒரு கோடு, மழைக்குச் சுவரில் இறங்குகிற தண்ணீர் மாதிரி. எனக்கு அதில் என்ன தெரியும்? அவள் முகத்தைத்தான் பார்த்தேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அறையில் அன்றைக்குப் பார்த்த அதே மாதிரி. ரொம்ப நேரம் பார்த்தாள். ஒரு கோட்டைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகுமா என்று எனக்குள் ஒரு நினைப்பு ஓடியது.

மூடினாள். நிமிர்ந்து, "அக்காதானுங்கண்ணா" என்றாள்.

"நெசமாலுமா?"

"ஆமாங்க. அக்காதானுங்க தூக்குனாங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் காப்பியை எடுத்து மீதி முழுக்கக் குடித்தாள், ஒரே மூச்சில். பெட்டியையும் கையுறையையும் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். கவரிலிருந்த மிச்ச ஆட்டோப் பணத்தை எடுத்து நீட்டினேன். நாங்கள் போகாமல் விட்ட இரண்டு தடவைக்கு உண்டானது. ஆராய்ச்சிப் பணம், கணக்குக் கேட்பார்களே என்று எனக்கு அதுவேறு உறுத்தல்.

அவள் கையை நீட்டவில்லை. "அப்பறமா வாங்கிக்கறேனுங்கண்ணா" என்றாள்.

ஸ்கூட்டர் சத்தம் தெருமுனை தாண்டுகிற வரை வாசலில் நின்றுவிட்டு உள்ளே வந்து, ஆறிப்போன என் காப்பியை எடுத்து வாயில் வைத்தேன். சர்க்கரையே போடவில்லை. இரண்டிலும்தான். வாயில் வைக்க முடியாத கசப்பு. காப்பியே குடிக்காத பெண் அதைத்தான் நல்லா இருக்குதுங்க என்று சொல்லி, அடி மண்டி வரைக்கும் குடித்துவிட்டுப் போயிருக்கிறாள்.

முதல் நாள் வேண்டாம்க்கா என்று முகத்துக்கு நேரே சொன்ன அந்தப் பெண்ணிடம் நான் கேட்டிருந்தால், அவள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டிருப்பேன். எங்கள் பேச்சுக்குப் பழகிவிட்ட இவளிடம் கேட்டுவிட்டேன். முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கிறவள் என் சம்சாரம். எனக்கு அது தெரியாது.

இப்போதும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு உள்ளறையில் போய் உட்காருகிறேன். சத்தம் எதுவும் வருவதில்லை. அவளுடைய சேலைகளுக்கு மேலே, கையுறை இருந்த இடத்தில், கவரை வைத்திருக்கிறேன். காலேஜுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். பஸ் ஏறினால் கொஞ்ச தூரம்தான். கொடுத்துவிட்டால் மறுபடி அவள் முகத்தைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்க எனக்கு ஒரு காரணம் இருக்காது. அதனால் இன்னும் போகவில்லை. நான் தர வேண்டிய பாக்கி, அறுநூறு ரூபாய்.